சாலைக்கு அப்பால் இருக்கும் குடோன்: வயர்லெஸ் இணைப்பால் மந்தமாகும் அலுவலக நெட்வொர்க்கைச் சீர்செய்வது எப்படி?

திருப்பூர், ஈரோடு, சிவகாசி போன்ற தொழில் ஊர்களில் அலுவலகம் ஓரிடத்திலும், குடோனோ தையல் யூனிட்டோ சாலைக்கு அப்பால் வேறோர் இடத்திலும் இருப்பது வழக்கம். இரண்டுக்கும் இடையே கேபிள் இழுக்க வழியில்லாதபோது, இரு மொட்டை மாடிகளிலும் ஒரு ஜிஐ பைப்பை நட்டு, ஒன்றையொன்று பார்க்கும்படி இரண்டு வயர்லெஸ் ரேடியோக்களைப் பொருத்திவிடுகிறார்கள். பொருத்திய புதிதில் எல்லாம் ஒழுங்காக ஓடும். ஓராண்டு கழிந்ததும் குடோன் பக்கத்திலிருந்து புகார்கள் வரத் தொடங்கும்: பில் போடும்போது திரை அப்படியே நின்றுவிடுகிறது, ஓர் எக்செல் ஃபைல் திறக்க ஒரு நிமிடம் ஆகிறது, பிற்பகலில் டாலி தானாகவே மூடிக்கொள்கிறது. உடனே இணைய நிறுவனத்தை அழைத்து 100 மெகாபிட் திட்டத்தை 300 ஆக உயர்த்தச் சொல்வார்கள். மாதக் கட்டணம் கூடும். நின்ற திரை நின்றபடியே இருக்கும். குடோன் கணினியிலிருந்து அலுவலக சர்வருக்குப் போகும் தரவு இணையத்தைத் தொடுவதே இல்லை என்பதால், இணைய வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் இந்தக் குறை தீராது.

இந்தக் கட்டுரை அத்தகைய ஓர் அமைப்பை எடுத்துக்கொண்டு, குறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதிலிருந்து தொடங்குகிறது. கணக்குக்காக, இரு கட்டடங்களுக்கும் இடையே 300 மீட்டர் தூரம், 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்கள், சர்வர் அலுவலகத்தில், குடோனில் எட்டுக் கணினிகளும் எட்டு சிசிடிவி கேமராக்களும் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் அளவெடுங்கள்

எந்தக் கருவியையும் மாற்றுவதற்கு முன்பு, குடோனில் கேபிள் வழியாக சுவிட்சில் இணைந்த ஒரு கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நான்கு கட்டளைத் திரைகளைத் திறந்து, இடைவிடாமல் ஓடும்படி நான்கு முகவரிகளுக்கு பிங் (ஒரு கருவி பதில் தருகிறதா, எவ்வளவு நேரத்தில் தருகிறது என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள்: குடோன் பக்க ரேடியோ, அலுவலகப் பக்க ரேடியோ, அலுவலக சர்வர், வெளி இணையத்தில் ஏதாவது ஒரு முகவரி. நான்கும் ஒரே நேரத்தில் ஓடவேண்டும் என்பது முக்கியம். தனித்தனி நேரங்களில் எடுத்த அளவுகளை ஒப்பிட்டு ஒரு முடிவுக்கும் வர இயலாது.

கேபிளில் இருக்கும் குடோன் ரேடியோவிடமிருந்து ஒரு மில்லிநொடிக்குள் பதில் வரவேண்டும். வயர்லெஸ் இணைப்பைத் தாண்டியதும் அது இரண்டு முதல் ஐந்து மில்லிநொடி ஆகலாம், அதில் தவறில்லை. குடோன் ரேடியோவிலேயே பதில் தவறினால் குறை குடோனுக்குள், அதாவது கேபிளிலோ சுவிட்சிலோ மின் அடாப்டரிலோ இருக்கிறது. அங்கே சரியாக இருந்து அலுவலகப் பக்க ரேடியோவில் பதில் தடுமாறினால் காற்று வழியைச் சந்தேகிக்கவேண்டும். இரண்டு ரேடியோக்களும் ஒழுங்காக இருந்து சர்வர் மட்டும் தாமதித்தால், ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருப்பது வீண் வேலை. அலுவலகத்துச் சுவிட்சையும் சர்வரின் ஹார்ட் டிஸ்கையும் பாருங்கள். ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள்: சில ரேடியோக்கள் தமக்கு வரும் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கும். ஆகவே ரேடியோ தாமதித்து, அதற்கு அப்பால் உள்ள சர்வர் விரைவாகப் பதில் தந்தால், ரேடியோவைக் குற்றம் சொல்லத் தேவையில்லை.

இந்தத் திரைகளை ஒரு முழு வேலைநாள் ஓடவிட்டு, பதில் தவறிய நேரங்களைக் குறித்துவையுங்கள். மெஷின்கள் ஓடத் தொடங்கும் நேரம், மின்சாரம் ஜெனரேட்டருக்கு மாறும் நேரம், காற்று வலுக்கும் பிற்பகல், கேமரா பதிவைப் பார்க்க யாராவது உட்காரும் நேரம் ஆகியவற்றோடு அந்தக் குறிப்பை ஒப்பிட்டாலே பாதிக் காரணம் புலப்பட்டுவிடும்.

அடுத்தது வேகம். இணையத்தில் வேகம் பார்க்கும் தளங்கள் இங்கே உதவாது, ஏனெனில் அவை அளப்பது வேறொரு வழியை. ஐபெர்ஃப் என்ற இலவச மென்பொருளைச் சர்வர் பக்கம் ஒரு கணினியிலும் குடோன் பக்கம் ஒரு கணினியிலும் இயக்கி, இரு திசைகளிலும் தனித்தனியே அளவெடுங்கள். ரேடியோவின் நிர்வாகப் பக்கத்தில் (பிரவுசரில் திறக்கும் அதன் அமைப்புத் திரையில்) 300 மெகாபிட் என்று காட்டுகிறதே, அளந்தால் 150 தானே வருகிறது என்று கலங்கவேண்டாம். வைஃபை என்பது ஒரே நேரத்தில் ஒரு திசையில் மட்டும் ஆள் போகக்கூடிய ஒற்றையடிப் பாலம். யார் போவது என்று முடிவுசெய்யவும், வந்து சேர்ந்ததற்கு ஒப்புதல் தரவும் நேரம் செலவாவதால், காட்டும் எண்ணில் ஏறத்தாழ பாதி கிடைத்தால் இணைப்பு நலமாக இருக்கிறது என்று பொருள். 300 காட்டி 20 வந்தாலோ, ஒரு திசையில் 120 வந்து மறு திசையில் 15 வந்தாலோதான் கவலைப்படவேண்டும். இந்தச் சோதனை ஓடும்போதே பிங் திரையையும் பாருங்கள். சும்மா இருக்கும்போது மூன்று மில்லிநொடியாக இருந்த தாமதம், பாரம் ஏறியதும் 300 ஆகிறது என்றால் அதற்கான மருந்து வேறு. அதைப் பின்னால் பார்ப்போம்.

மெகாபிட் போதும், தாமதம்தான் கொல்கிறது

அலுவலக மென்பொருள்களில் பல, பெரிய தரவை ஒரேயடியாக அனுப்புவதில்லை. பகிர்ந்த ஃபோல்டரில் இருக்கும் ஒரு கணக்குக் கோப்பைத் திறக்கும்போது, குடோன் கணினி சர்வரிடம் சின்னச் சின்னக் கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறது. ஒன்றுக்குப் பதில் வந்த பிறகே அடுத்ததைக் கேட்கிறது. ஒரு திரையைத் திறக்க 3000 கேள்வி பதில்கள் தேவைப்படுகின்றன என்று வைத்துக்கொண்டால், ஒரு கேள்விக்கு அரை மில்லிநொடி ஆகும் கேபிள் நெட்வொர்க்கில் மொத்தம் ஒன்றரை நொடியில் வேலை முடியும். அதே வேலைக்கு, ஒரு கேள்விக்கு 15 மில்லிநொடி எடுக்கும் வயர்லெஸ் இணைப்பில் 45 நொடி ஆகும். இந்த 45 நொடியிலும் இணைப்பின் கொள்ளளவில் பெரும்பகுதி சும்மாவே கிடக்கிறது. அதனால்தான் வேகச் சோதனையில் நல்ல எண் வரும்போதும் பில் திரை நகராமல் நிற்கிறது.

பாக்கெட் இழப்பு, அதாவது சிறு துண்டுகளாகப் பிரித்து அனுப்பப்படும் தரவில் சில துண்டுகள் வழியில் தொலைவது, இன்னும் மோசமானது. தரவைக் கொண்டுசெல்லும் டிசிபி முறை, ஒரு பாக்கெட் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று எண்ணித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 20 மில்லிநொடித் தாமதமும் நூற்றுக்கு ஒரு பாக்கெட் இழப்பும் உள்ள பாதையில், டிசிபிக்கான பழைய சூத்திரத்தின்படி ஒரு தனி இணைப்பு சுமார் 7 மெகாபிட்டைத் தாண்டாது; ரேடியோவின் மீது எந்த எண் அச்சிடப்பட்டிருந்தாலும் இதே கதைதான். எனவே, நூற்றுக்கு ஒன்றுதானே என்று எந்த இழப்பையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

மொட்டை மாடிக்கு ஏறுங்கள்

காற்று வழியைச் சந்தேகிப்பதற்கு முன்பு கேபிளைச் சந்தேகிக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ரேடியோவின் நிர்வாகப் பக்கத்தில் அதன் கேபிள் இணைப்பு எத்தனை மெகாபிட்டில் பேசிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். 1000 வரவேண்டிய ரேடியோவில் 100 என்று காட்டினால், பெரும்பாலும் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளில் ஏதோ ஒன்று துண்டித்திருக்கிறது. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிகளே போதும் என்பதால் இணைப்பு அறுந்துவிடாமல் மந்தமாக மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். 10 என்று காட்டினால் மேலே எதையும் ஆராயாமல் கேபிளை மாற்றிவிடலாம்.

பிறகு மேலே போய்க் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். எட்டு உலோக முனைகளும் பொன்னிறத்தில் பளிச்சென்று இருக்கவேண்டும். ஓரிரு முனைகளில் பச்சை நிறத்தில் களிம்பு ஏறியிருந்தால், தண்ணீர் உள்ளே இறங்கி வெகுநாளாகிவிட்டது. கேபிள் வழியாகவே மின்சாரமும் போவதால், ஈரம் பட்ட முனை சாதாரண இடத்தைவிட வேகமாக அரித்துப்போகும். களிம்பைச் சுரண்டிவிட்டு மறுபடி செருகுவது ஒரு வாரத்துக்குத்தான் தாங்கும். ஒரு அடி கேபிளை வெட்டியெறிந்து, உள்ளே கம்பி கறுக்காமல் இருக்கும் இடம்வரை பின்வாங்கி, புதிய கனெக்டர் கிரிம்ப் செய்யுங்கள். கேபிள் ரேடியோவுக்குள் கீழ்ப்பக்கமாக நுழையவேண்டும். நுழைவதற்கு முன்பு ஒரு சாண் அளவு தொய்வாகக் கீழே இறங்கி மேலேறும்படி கட்டினால், கேபிள் வழியே வழியும் மழைநீர் அந்தத் தொய்வின் அடியில் சொட்டிவிடும்.

கேபிளையும் கவனியுங்கள். உட்புறப் பயன்பாட்டுக்கான சாம்பல் நிறக் கேபிள் நம் ஊர் வெயிலில் சில கோடைகளிலேயே தோல் வெடித்துவிடும். வெளிப்புறத்துக்கென்றே வரும் கறுப்பு உறைக் கேபிள் வேண்டும். அலுமினியக் கம்பிக்குத் தாமிர முலாம் பூசி மலிவாக விற்கப்படும் கேபிள் மின் தடை கூடியது. 24 வோல்ட் அடாப்டரிலிருந்து அதன் வழியே 40, 50 மீட்டர் தாண்டி ரேடியோவை அடையும்போது மின்னழுத்தம் குறைந்து, ரேடியோ முழுச் சக்தியில் ஒலிபரப்பும் நேரம் பார்த்துத் தானாக அணைந்து மறுபடி இயங்கத் தொடங்கும். ரேடியோவின் நிர்வாகப் பக்கத்தில், அது கடைசியாக இயங்கத் தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று என்று ஒரு வரி இருக்கும். யாரும் தொடாமலேயே அது சில மணி நேரம் என்று காட்டினால், குறை அலைவரிசையில் இல்லை, மின்சாரத்தில் இருக்கிறது. அடாப்டரை யூபிஎஸ் மின்சாரத்தில் இணைத்து, படிக்கட்டு அறைத் தகரக் கூரையின் சூட்டில் வேகாத இடத்தில் வையுங்கள்.

மழை பெய்தால் இணைப்பு போகிறது என்று பலர் சொல்வார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலையை 300 மீட்டர் தூரத்தில் மழைத்துளிகள் குறைக்கும் அளவு பொருட்படுத்தத்தக்கதே அல்ல. மழையோடு கூட வருபவைதான் காரணம்: கனெக்டரில் இறங்கும் தண்ணீர், வழியில் இருக்கும் மரத்தின் நனைந்த இலைகள், மின்வெட்டு, காற்றில் அசையும் பைப். ஆடி மாதக் காற்றில் இருபது அடி பைப் ஆடுவதைக் கீழிருந்தே காணலாம். மூன்று பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டாத பைப்பில் எவ்வளவு விலையுயர்ந்த ஆன்டெனாவை மாட்டினாலும் பயனில்லை. இடிதாங்கியும் எர்த்தும் தனிக் கட்டுரைக்கு உரியவை என்றாலும், பைப்புக்கு முறையான எர்த் இணைப்பும், கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில், திடீர் மின்னழுத்த எழுச்சியைத் தடுக்கும் ஒரு சர்ஜ் காப்பானும் இல்லாமல் மழைக்காலத்தை எதிர்கொள்ளாதீர்கள்.

கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது

எதிர்க் கட்டடத்து ஆன்டெனா இங்கிருந்து தெரிகிறது என்பதே பாதை திறந்திருப்பதற்குச் சான்றாகாது. ரேடியோ அலை ஒரு நூல்போல நேராகப் போவதில்லை; இரு முனைகளிலும் குறுகி நடுவில் பருத்த ஒரு குழல்போன்ற இடத்தை அது பயன்படுத்துகிறது. ஃபிரெனல் மண்டலம் என்று சொல்லப்படும் அந்த இடத்தின் ஆரம், 5.8 கிகாஹெர்ட்ஸில், 300 மீட்டர் பாதையின் நடுவில் ஏறத்தாழ 2 மீட்டர். ஒரு கிலோமீட்டர் பாதையானால் சுமார் 3.6 மீட்டர். இதில் குறைந்தது 60 விழுக்காடு தடையின்றி இருக்கவேண்டும் என்பது நெடுங்கால வழக்கு. நம் கணக்கில், பார்வைக் கோட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் 1.2 மீட்டர்.

பொருத்திய நாளில் இந்த இடைவெளி இருந்திருக்கும். பிறகு நடுவில் இருக்கும் வேப்பமரம் ஒரு ஆள் உயரம் வளர்ந்திருக்கும், பக்கத்துக் கட்டடத்தில் புதிதாக ஒரு தண்ணீர்த் தொட்டி ஏறியிருக்கும், யாராவது மாடியில் தகரக் கூரை போட்டிருப்பார்கள். அலைபேசிக் கேமராவைப் பெரிதாக்கி எதிர் ஆன்டெனாவைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் நின்று எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். மரத்தை வெட்டச் சொல்லிப் பக்கத்து வீட்டாருடன் மல்லுக்கு நிற்பதைவிட, பைப்பை இரண்டு மீட்டர் உயர்த்துவது எப்போதும் எளிது.

பாதை திறந்திருந்தால் எவ்வளவு சிக்னல் வரவேண்டும் என்பதைக் கணக்கிடலாம். 5.8 கிகாஹெர்ட்ஸில் 300 மீட்டர் வெற்றுவெளியில் அலை இழப்பது ஏறத்தாழ 97 டெசிபெல். 20 டிபிஎம் சக்தியில் ஒலிபரப்பும் ரேடியோவும், இரு பக்கமும் 13 டெசிபெல் பெருக்கம் தரும் ஆன்டெனாவும் இருந்தால், 20 உடன் 13, 13 ஐக் கூட்டி 97 ஐக் கழிக்க, மைனஸ் 51 டிபிஎம் கிடைக்கவேண்டும் (டிபிஎம் என்பது சிக்னலின் சக்தியைக் குறிக்கும் அலகு; மைனஸுக்குப் பின் வரும் எண் சிறியதாக இருந்தால் சிக்னல் வலுவானது). நடைமுறையில் மூன்று நான்கு டெசிபெல் குறைவது இயல்பு. ஆனால் உங்கள் ரேடியோ மைனஸ் 72 என்று காட்டினால், சுமார் 20 டெசிபெல் எங்கோ போய்விட்டது. அது நூறில் ஒரு பங்கு சக்தியே வந்து சேர்கிறது என்பதற்குச் சமம்.

அந்த இழப்புக்குத் தடை காரணமில்லை என்றால், திசை காரணமாக இருக்கும். திசை சரிசெய்ய இரண்டு பேரும் ஓர் அலைபேசி அழைப்பும் வேண்டும். ஒருவர் கிளாம்பைச் சற்றே தளர்த்தி ஆன்டெனாவை மிக மெதுவாகத் திருப்ப, மற்றவர் திரையில் ஓடும் சிக்னல் எண்ணை, மைனஸை விட்டுவிட்டு, வாய்விட்டுப் படிக்கவேண்டும். "அண்ணா, 66... 63... 60... மறுபடி 64" என்று குரல் வரும்போது, 60 கிடைத்த இடத்தில் நிறுத்தத் தோன்றும். நிறுத்தாதீர்கள். ஆன்டெனாவுக்கு முதன்மைக் கற்றையைத் தவிர பக்கவாட்டிலும் சிறு கற்றைகள் உண்டு. நீங்கள் பிடித்தது அவற்றில் ஒன்றாக இருக்கலாம். அந்த இடத்தைத் தாண்டி இன்னும் திருப்பினால், எண் மோசமாகி, பிறகு 52 வரை வந்து மீண்டும் மோசமாகும் ஓர் இடம் தென்படும். அதுதான் உண்மையான உச்சம். கிடைமட்டத்தை இறுக்கிய பிறகு மேல் கீழ்ச் சாய்வையும் இதே முறையில் பார்த்து, பின்னர் எதிர்க் கட்டடத்துக்குப் போய் அங்கேயும் செய்யுங்கள். நட்டை முறுக்கும்போது ஆன்டெனா நகர்ந்துவிடும் என்பதால், இறுக்கி முடித்தபின் ஒருமுறை எண்ணைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சேனலும் அகலமும்

இந்திய அரசு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையின்படி 5150 முதல் 5350 வரையிலும், 5470 முதல் 5875 வரையிலும் உள்ள மெகாஹெர்ட்ஸ் பகுதிகளைச் சக்தி வரம்புக்கு உட்பட்டு உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். ரேடியோவில் நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் வரம்புகள் தாமாகவே பொருந்தும். இடம் தாராளமாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலான ரேடியோக்கள் பொருத்தியவர் விட்டுப்போன அதே சேனலில், அக்கம்பக்கத்துக் கேபிள் டிவிக்காரரின் இணைப்புகளோடு மோதிக்கொண்டிருக்கும்.

எந்தச் சேனலில் எவ்வளவு இரைச்சல் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் ஸ்கேன் வசதி ரேடியோவில் உண்டு; அதை இரு முனைகளிலும் ஓட்டிப் பாருங்கள். சிக்னலைப் பெறும் முனையில்தான் இரைச்சல் தொல்லை தரும் என்பதால், அலுவலக மாடியில் அமைதியாக இருக்கும் சேனல் குடோன் மாடியில் இரைச்சலாக இருக்கலாம். ஒரு திசையில் மட்டும் வேகம் குறைவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஸ்கேன் ஓடும்போது இணைப்பு அறுந்துவிடும் என்பதால் வேலை நேரத்தில் செய்யாதீர்கள்.

80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பெரிய எண் காட்டும் என்பதற்காக அதையே வைத்திருப்பது தவறு. அகலத்தைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே வரும் இரைச்சல் 3 டெசிபெல் குறைகிறது, காலியான இடம் கிடைப்பதும் எளிதாகிறது. எட்டுக் கணினிகளின் அலுவலக வேலைக்கு, இடையூறில்லாத 20 அல்லது 40 மெகாஹெர்ட்ஸ், இடையூறுள்ள 80 ஐவிடப் பன்மடங்கு மேல்.

52 முதல் 144 வரையிலான சேனல்களில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தப் பகுதியை ரேடார்களும் பயன்படுத்துவதால், ரேடார் போன்ற துடிப்பு காதில் விழுந்ததும் ரேடியோ அந்தச் சேனலைவிட்டு விலகிவிடும். அடுத்து அதே பகுதியில் வேறு சேனலுக்குப் போனாலும் குறைந்தது 60 நொடி கேட்டுப் பார்த்த பிறகே ஒலிபரப்பத் தொடங்கும். காரணமே இல்லாமல் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் இணைப்பு போய்த் தானாகத் திரும்புகிறது என்றால், ரேடியோவின் பதிவேட்டில் ரேடார் என்ற சொல்லைத் தேடுங்கள். இருந்தால் 149 அல்லது அதற்கு மேற்பட்ட சேனலுக்கு மாறிவிடுங்கள்.

சக்தியை முழுதாகக் கூட்டிவைப்பதாலும் பயனில்லை. மைனஸ் 50 க்கும் 60 க்கும் இடையே சிக்னல் வந்தால் அதுவே நிறைவு. மைனஸ் 35 வரும் அளவுக்குக் கத்தினால், பெறும் ரேடியோவுக்குச் சிக்னல் சிதைந்து பிழைகள்தான் கூடும்.

பாலத்தின்மீது ஏற்றவேண்டாதவை

இதுவரை சொன்னவை இணைப்பை நலமாக்கும். ஆனால் எத்தனை நலமான வயர்லெஸ் இணைப்பும் கேபிள் ஆகாது. எனவே அதன்மீது போகவேண்டாத பாரத்தை இறக்கிவிடுவதே இந்த வேலையில் மிகுந்த பலன் தரும் பகுதி.

முதலில் கேமராக்கள். இரண்டு மெகாபிக்சல் கேமரா ஒன்று பழைய எச்264 முறையில் சுமார் 4 மெகாபிட் அனுப்பும். குடோனில் எட்டுக் கேமராக்களும், பதிவுப் பெட்டி அலுவலகத்தில் முதலாளி அறையிலும் இருந்தால், இரவு பகலாக 32 மெகாபிட் காற்றில் போய்க்கொண்டே இருக்கிறது. பதிவுப் பெட்டியைக் குடோனிலேயே வைத்துப் பூட்டுங்கள். அலுவலகத்திலிருந்து பார்ப்பவர்களுக்குச் கேமரா தரும் சிறிய அளவிலான இரண்டாம் வீடியோ ஓட்டத்தை மட்டும் கொடுங்கள். பல இடங்களில் இந்த ஒன்றைச் செய்ததும் புகார் நின்றுவிடும்.

அடுத்தது கணக்கு மென்பொருள். டாலி போன்ற மென்பொருளின் தரவு ஃபோல்டர் அலுவலக சர்வரில் இருக்க, குடோன் கணினி அதை நேரடியாகத் திறந்து எழுதுவது, முன்பு சொன்ன ஆயிரக்கணக்கான கேள்வி பதில்களுக்கு வழிவகுக்கிறது. மந்தம் என்பதைவிடப் பெரிய ஆபத்து, எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் தரவே சிதையக்கூடும் என்பது. குடோன்காரர்கள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகச் சர்வருக்குள் நுழைந்து அங்கேயே மென்பொருளை இயக்கட்டும். அப்போது கேள்வி பதில் முழுவதும் சர்வருக்குள்ளேயே நடந்துவிடும். காற்றில் போவது திரையின் படமும் விசைத் தட்டல்களும் மட்டுமே. இணைப்பு நடுவில் அறுந்தாலும் பாதியில் நின்ற பில் அப்படியே திறந்திருக்கும். மறுபடி நுழைந்து தொடரலாம். சாதாரண விண்டோஸ் ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இப்படி நுழைய முடியும். பலர் நுழைய விண்டோஸ் சர்வர் பதிப்பும், ஒவ்வொருவருக்கும் உரிய அனுமதி உரிமமும் வாங்கவேண்டும். இந்தச் செலவு தயக்கம் தரும் என்றாலும், சிதைந்த தரவைச் சீர்படுத்த இழக்கும் நாட்களோடு ஒப்பிட்டால் நியாயமானதே. அந்த வசதியை இணையத்திலிருந்து நேரடியாக எட்டும்படி ரூட்டரில் திறந்துவிடுவது மட்டும் எக்காரணத்தாலும் கூடாது.

பேக்கப்பையும் விண்டோஸ் புதுப்பிப்புகளையும் இரவுக்கு மாற்றுங்கள். குடோனில் யாராவது தம் வசதிக்காக ஒரு வீட்டு ரூட்டரைச் சுவிட்சில் செருகியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அது தானும் ஐபி முகவரிகளை வழங்கத் தொடங்கினால், சில கணினிகள் மட்டும் காலையில் வேலை செய்யாமல் போகும். கேபிளின் இரு முனைகளையும் ஒரே சுவிட்சில் செருகிய வளையம் இன்னும் கொடியது. இரு கட்டடங்களையும் சேர்த்து முடக்கிவிடும். இரண்டு கட்டடங்களையும் தனித்தனி ஐபி வரிசைகளாகப் பிரித்து நடுவில் ரூட்டர் வைத்தால், ஒரு பக்கத்துக் கூச்சல் மறுபக்கம் போகாது.

குடோனுக்குள் ஊழியர்களின் வைஃபை பாலத்து ரேடியோவின் அதே சேனலில் இருக்கக் கூடாது. உள்ளே 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள். மற்றவை ஒன்றோடொன்று மேல்விழும். சிக்னல் எட்டாத மூலைக்கு ரிப்பீட்டர் வாங்குவதைவிட, கேபிள் இழுத்து இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை தரும் கருவி) வைப்பது மேல். ஒரே சேனலில் வாங்கி அதிலேயே திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டர், வேகத்தைப் பாதியாக்கும்.

பாரம் ஏறும்போது மட்டும் பிங் 300 ஆவதாகக் கண்டீர்களானால், ரேடியோவோ ரூட்டரோ பாக்கெட்டுகளை அளவுக்கு மீறி வரிசையில் நிறுத்திவைக்கிறது. மைக்ரோடிக் ரூட்டர்களின் ஏழாம் பதிப்பு மென்பொருளிலும் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரூட்டர் மென்பொருளிலும் கேக் என்றும் எஃப்க்யூ கோடெல் என்றும் இரண்டு வரிசை முறைகள் உண்டு. பாலத்தின் இரு முனைகளிலும் இவற்றில் ஒன்றை வைத்து, நீங்கள் அளந்ததிலேயே மிகக் குறைந்த வேகத்தில் 85 விழுக்காட்டை உச்ச வரம்பாகக் கொடுங்கள். பெரிய ஃபைல் ஒன்றை நகலெடுக்கும்போதும் பில் போடுபவருக்குத் தாமதம் தெரியாது. கிடைத்த மிக நல்ல வேகத்தை வரம்பாகக் கொடுத்தால் வரிசை மீண்டும் ரேடியோவுக்குள்ளேயே நிற்கும். அமைத்ததன் பலன் கிடைக்காது.

ஃபைபருக்குப் போவது எப்போது

இவ்வளவும் செய்த பிறகும் நாள்தோறும் இழப்பு தெரிந்தால், அல்லது குடோனில் கணினிகள் இருபதைத் தாண்டினால், புதிய ரேடியோவுக்குச் செலவழிப்பதற்கு முன்பு ஃபைபருக்கு விலை கேளுங்கள். சிங்கிள் மோட் ஃபைபரும், இரு முனைகளிலும் ஒளியை மின் சிக்னலாக மாற்றும் ஒரு கன்வெர்ட்டரும் இருந்தால் 300 மீட்டர் ஒரு தூரமே இல்லை. சாதாரண தாமிர நெட்வொர்க் கேபிள் 100 மீட்டருக்கு மேல் செல்லாது. அதற்குள் அடங்கினாலும், இரு கட்டடங்களின் எர்த்துக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இருக்கும் என்பதாலும் இடி மின்னலாலும் கட்டடங்களுக்கு இடையே அது உகந்ததல்ல. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. பொதுச் சாலையைக் கடக்க அனுமதி வேண்டியிருக்கும். அது கிடைக்காத இடங்களில், இரு கட்டடங்களையும் ஏற்கெனவே ஃபைபரால் எட்டியிருக்கும் இணைய நிறுவனத்திடம், உங்கள் இரண்டு முனைகளையும் தங்கள் வழியாகவே இணைத்துத் தர இயலுமா என்று கேட்கலாம்.

ஃபைபர் வந்தபின் பழைய ரேடியோக்களைக் கழற்றிவிடாதீர்கள். மாற்று வழியாக இருக்கட்டும். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் சாதாரணச் சுவிட்சுகளில் செருகினால் முன்பு சொன்ன வளையம் உருவாகிவிடும். வளையம் உருவாகாதபடி ஒரு வழியைத் தானாக மூடிவைக்கும் எஸ்டிபி வசதி உள்ள சுவிட்சை இரு பக்கமும் வைத்து, ஃபைபர் முதல் வழி, ரேடியோ இரண்டாம் வழி என்று முன்னுரிமையை நீங்களே எழுதிக் கொடுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் வேலை செய்யாத நேரத்தில், பிங் திரையை ஓடவிட்டு ஃபைபரைக் கையால் பிடுங்கிப் பாருங்கள். எத்தனை நொடியில் ரேடியோ வழிக்கு மாறுகிறது, செருகியதும் ஒழுங்காகத் திரும்புகிறதா என்பதைக் குறித்து, அந்தத் தாளைச் சுவிட்ச் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.